குட்டநாட்டு வாத்துகளும் கேரள அரசின் பறவைக் காய்ச்சல் நடவடிக்கைகளும்: இழப்பீட்டை ஏன் முதலில் பேச வேண்டும்?

பம்பைக்கரை எழுதியது:

2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டா மாவட்டங்களில் வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தபோது, அந்த மாவட்டங்களில் பரந்து கிடக்கும் தாழ்வான நெல்வயல் பகுதியான குட்டநாட்டில் பலர் பறவைக் காய்ச்சல் என்ற பெயரையே முதன்முறையாகக் கேட்டார்கள். அதன் பிறகு 2016இல் அந்தக் காய்ச்சல் கிருமியின் எச்5என்8 வகை வந்தது. 2020 மார்ச்சில் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களின் கோழிகளுக்கு எச்5என்1 என்ற இன்னொரு வகை வந்தது. 2021 ஜனவரியில் நெடுமுடி, தகழி, பள்ளிப்பாடு, கருவாற்றா ஊராட்சிகளிலும் கோட்டயத்தின் நீண்டூரிலும் மீண்டும் எச்5என்8 பரவியது. 2022 இறுதியில் ஹரிப்பாடு, 2024 ஏப்ரலில் எடத்துவா, செறுதனா என்று பட்டியல் நீள்கிறது. மனைவி வழியில் எனக்கு இந்தப் பகுதியோடு நெருங்கிய உறவு உண்டு. வாத்து வளர்க்கும் குடும்பங்களின் நடுவில் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். ஆகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நோய் உறுதியான பின் கேரள அரசு தாமதித்ததாக என்னால் சொல்ல முடியாது. விரைவு நடவடிக்கைக் குழுக்கள் மறுநாளே வந்துவிடுகின்றன, மாவட்ட ஆட்சியர் நேரடியாகப் பொறுப்பேற்கிறார், சுகாதாரத் துறையினர் வீடு வீடாகக் காய்ச்சல் உள்ளவர்களைத் தேடுகிறார்கள். 2021இல் இதை மாநிலப் பேரிடராகவே அறிவித்தார்கள். என் கவலை உறுதியாவதற்கு முந்தைய நாட்களையும், கொன்று முடித்த பின் வரும் மாதங்களையும் பற்றியது. 2014இல் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்த வயதுள்ள குஞ்சுக்கு 100 ரூபாய் என்று இழப்பீடு வைத்தார்கள். 2021இலும் அதே 200, அதே 100. அழித்த முட்டைக்கு 5 ரூபாய். இந்த ஏழு ஆண்டுகளில் தீவனம், குஞ்சு, கூலி எல்லாம் எவ்வளவு ஏறின என்பதை இங்குள்ள பண்ணையாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸுக்கு விற்பதற்காக வட்டிக்குக் கடன் வாங்கி வாத்து வளர்த்தவர், டிசம்பர் முதல் வாரத்தில் நான்கு வாத்து கழுத்தைத் திருப்பிக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்தால் என்ன செய்வார்? ஊராட்சிக்குத் தகவல் சொன்னால், கைக்கு என்று வரும் என்று தெரியாத 200 ரூபாய். அன்றிரவே வியாபாரியை அழைத்தால் கையில் பணம். பெரும்பாலானவர்கள் நேர்மையாகத் தகவல் சொல்கிறார்கள் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் பத்தில் ஒருவர் விற்றாலே போதும், நோய் அடுத்த ஊராட்சிக்குப் போய்விடும். இழப்பீட்டை ஏதோ கருணைத் தொகையாக நினைக்காமல், நோய்த் தடுப்பின் முதல் கருவியாகவே அரசு கருத வேண்டும் என்பது என் வாதம்.

மருத்துவர்_ஓய்வு எழுதியது:

நல்ல தொடக்கம். நான் தமிழ்நாட்டுக் கால்நடை பராமரிப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நடைமுறை தெரியாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன்.

பறவைகள் சந்தேகத்துக்குரிய வகையில் செத்தால், கேரளத்தில் முதலில் திருவல்லா மஞ்ஞாடியில் உள்ள பறவை நோய் ஆய்வகத்திலோ பாலோட்டில் உள்ள மாநிலக் கால்நடை நோய் ஆய்வு நிறுவனத்திலோ பார்ப்பார்கள். ஆனால் அரசு முறையாக அறிவிக்க வேண்டுமென்றால் போபாலில் இருக்கும் தேசிய உயர்பாதுகாப்புக் கால்நடை நோய் ஆய்வு நிறுவனத்தின் முடிவு வேண்டும். இப்படியொரு கிருமியை வளர்த்துப் பார்க்க மிக உயர்ந்த பாதுகாப்பு நிலை கொண்ட ஆய்வகம் தேவை என்பதும், ஓரிடத்தில் நோய் இருப்பதாக அறிவித்தால் உலக விலங்கு சுகாதார அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதும் இதற்குக் காரணங்கள். மாதிரி விமானத்தில் போய் முடிவு வருவதற்குள் சில நாட்கள் கடந்துவிடுகின்றன. வாத்துக் கூட்டத்துக்குள் கிருமி பரவும் வேகத்துக்கு இந்தச் சில நாட்களே மிக அதிகம்.

முடிவு வந்ததும் நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வளர்ப்புப் பறவைகள் அனைத்தையும் கொல்வார்கள். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதியாக அறிவித்து, கோழி, வாத்து, முட்டை, எரு எதுவும் உள்ளே வரவோ வெளியே போகவோ தடை விதிப்பார்கள். கொல்லும் பணியில் இருப்பவர்கள் முழுப் பாதுகாப்பு உடை அணிந்து, ஓசெல்டாமிவிர் மாத்திரை எடுத்துக்கொண்டு, பிறகு சில நாட்கள் மருத்துவக் கண்காணிப்பில் இருப்பார்கள். வேறு இடங்களில் ஆழமான குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது வழக்கம். குட்டநாட்டில் நிலமே கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், குழி வெட்டினால் தண்ணீர்தான் ஊறும். ஆகவே விறகு அடுக்கி எரிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வாத்துகளை முழுமையாக எரிப்பது எவ்வளவு கடினமான, மனத்தை வருத்தும் வேலை என்பதைச் செய்தவர்களே அறிவார்கள்.

2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி, நோய் இருப்பதாக நம்பக் காரணம் உள்ள உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தகவல் சொல்ல வேண்டும், பறவையைத் தனிமைப்படுத்தவும் வேண்டும். கடமை சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. அந்தக் கடமையைச் செய்பவருக்கு நட்டம் வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் பலவீனமாக இருக்கிறது என்று பம்பைக்கரை சொல்வதை நான் ஏற்கிறேன்.

முட்டைப்பண்ணை எழுதியது:

வணக்கம். நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். கேரளத்தில் வாத்து செத்தால் எங்களுக்கு என்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் முட்டையின் பெரிய சந்தைகளில் ஒன்று கேரளம். அங்கே நோய் என்று தொலைக்காட்சியில் வந்த அன்றே கொள்முதல் குறைகிறது, முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை இறங்குகிறது. வாளையாறு, புளியரை, களியக்காவிளை போன்ற எல்லைச் சோதனைச்சாவடிகளில் கோழி, முட்டை, தீவன வண்டிகளை நிறுத்தி மருந்து தெளிக்கிறார்கள். காலியாகத் திரும்பும் வண்டியும் தப்பாது. அந்தக் கண்டிப்பை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பண்ணைகளில் ஒரே வளாகத்தில் லட்சக்கணக்கில் கோழிகள் இருக்கின்றன. ஒரு முறை கிருமி உள்ளே புகுந்தால் மாவட்டத்தின் பிழைப்பே போய்விடும்.

ஆகவே என் பார்வை சற்று வேறு. இழப்பீட்டைக் கூட்டுவது சரிதான். ஆனால் திறந்த வயலில், கால்வாயில், நீர்ப்பறவைகளோடு ஒன்றாக வாத்துகளை மேயவிடும் முறை இருக்கும் வரை இந்த நோய் திரும்பத் திரும்ப வரும். நாங்கள் பண்ணை வாசலில் வண்டிச் சக்கரம் மருந்து நீரில் நனைந்து வரும்படி சக்கரக் குழி வைத்து, ஆட்களுக்குத் தனிச் செருப்பும் உடையும் கொடுத்து, காக்கை நுழையாமல் வலை கட்டியிருக்கிறோம். பத்து ஆண்டுகளாக அடிபட்ட பிறகும் கேரள அரசு ஏன் இந்தத் திறந்த மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவில்லை?

பம்பைக்கரை எழுதியது:

முட்டைப்பண்ணை அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் குட்டநாட்டில் வாத்தும் நெல்லும் ஒரே தொழிலின் இரண்டு பக்கங்கள். அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் தின்றுதான் வாத்து வளர்கிறது. அடுத்த பயிருக்கு வயலில் எருவும் சேர்கிறது. ஒரு பாடசேகரத்தில், அதாவது ஒரே வரப்புக்குள் சேர்ந்த வயல் தொகுதியில், மேய்ச்சல் முடிந்தால் அடுத்ததற்குக் கூட்டத்தை ஓட்டிப் போவார்கள். கொட்டகையில் அடைத்து முழுத் தீவனம் வாங்கிப் போட்டால் சாரா, செம்பல்லி போன்ற உள்ளூர் இனங்களை வளர்த்து யாராலும் பிழைக்க முடியாது.

மூடிய பண்ணை மட்டுமே காப்பாற்றிவிடும் என்பதற்கும் கேரள அனுபவம் சாட்சி சொல்லவில்லை. 2023 ஜனவரியில் கோழிக்கோடு சாத்தமங்கலம் மண்டலக் கோழிப் பண்ணையில் எச்5என்1 வந்தது. 2024 மே மாதத்தில் நிரணம் அரசு வாத்துப் பண்ணையிலும், கோட்டயம் மணர்காட்டில் உள்ள மண்டலக் கோழிப் பண்ணையிலும் வந்தது. இவை விவசாயிகளுக்குத் தரமான குஞ்சு கொடுப்பதற்காக அமைந்த பொதுத்துறைப் பண்ணைகள். துறை மருத்துவர்களின் நேரடிப் பார்வையில் இருப்பவை. அங்கேயே தடுக்க முடியவில்லை என்றால், நான்கு சென்ட் நிலத்தில் ஓலைக் கொட்டகை போட்டிருக்கும் குடும்பத்திடம் கிருமி நுழையாமல் காக்கும் உயிர்ப் பாதுகாப்பு முறைகள் பற்றிப் பேசும் முன், அரசு தன் பண்ணைகளில் எங்கே ஓட்டை விழுந்தது என்பதை விரிவாக வெளியிட வேண்டும். ஆள் நடமாட்டமா, தீவன வண்டியா, தண்ணீரா, காட்டுப் பறவையா என்பது தெரிந்தால் எல்லோருக்கும் பயன்படும்.

நீர்வழி எழுதியது:

நான் ஈரநிலச் சூழலியல் படித்தவள். இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒவ்வொரு முறை நோய் வரும்போதும் அறிவிப்புகளில் பழி முதலில் வலசைப் பறவைகள் மேல் விழுகிறது. குட்டநாட்டை ஒட்டிய வேம்பநாட்டு ஏரி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ளது. அக்டோபர் முதல் மார்ச் வரை மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் நீர்ப்பறவைகள் அங்கே தங்குகின்றன. ஆகவே 2014 நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் நோய் வந்ததற்கு அவை காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் 2024இல் ஏப்ரல் தொடங்கி மே, ஜூன் என்று, வலசைப் பறவைகள் பெரும்பாலும் திரும்பிய பிறகும் நோய் பரவிக்கொண்டே போனது. முஹம்மாவில் காகங்கள் செத்தன. சேர்த்தலைப் பக்கம் கோழிகளுக்கு வந்தது. அப்போது மாநில அரசு அமைத்த வல்லுநர் குழுவே, நோயுள்ள பறவைகளை விற்றதும் கழிவுகளை முறையாக அகற்றாததும் பரவலுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று சுட்டியது. சைபீரியாவிலிருந்து வரும் வாத்தை நம்மால் நிறுத்த முடியாது. செத்த வாத்தைக் கால்வாயில் வீசுவதையும், நோயுள்ள கூட்டத்தை இரவோடு இரவாக விற்பதையும் நிறுத்த முடியும். அதற்கான வழி பம்பைக்கரை தொடக்கத்தில் சொன்ன இழப்பீட்டில்தான் போய் முடிகிறது.

இரண்டாவது, தண்ணீர். எச்5 வகைக் கிருமிகள் குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வெப்பமான குட்டநாட்டு நீரில் அவ்வளவு காலம் நிற்காது என்றாலும், ஒரு பாடசேகரத்திலிருந்து இறைத்த நீர் அடுத்ததன் மதகு வழியாகப் போகும் நிலப்பரப்பில் சில நாட்களே போதும். ஒரு கிலோமீட்டர் என்று வரைபடத்தில் வட்டம் போடுகிறோமே, நீரோட்டம் வட்டமாகவா போகிறது? கண்காணிப்புப் பகுதியை வரையும்போது கால்வாயின் போக்கையும் சேர்த்துப் பார்க்கும்படி துறை தன் நடைமுறையைத் திருத்த வேண்டும்.

சட்டம்படிப்பவர் எழுதியது:

பொறுப்பு யாருடையது என்பதையும் பேசிவிடுவோம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் கால்நடை நோய்த் தடுப்பு மாநிலப் பட்டியலில் 15ஆவது பதிவாக இருக்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் 29ஆவது பதிவு. ஆகவே கொல்வதும் இழப்பீடு கொடுப்பதும் மாநிலத்தின் கையில் இருந்தாலும், செயல்திட்டத்தை வகுப்பது மத்திய அரசு. இழப்பீட்டுச் செலவை இரண்டு அரசுகளும் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொள்கின்றன. மாநிலம் தன் கையிலிருந்து முழுவதையும் கொடுத்துவிட்டு மத்தியப் பங்குக்குக் காத்திருந்தால் விவசாயிக்குப் பணம் சீக்கிரம் போகும். மத்தியப் பங்கு முதலில் வரட்டும் என்று இருந்தால் விவசாயிதான் இருவருக்கும் வட்டி கட்டுகிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மத்தியச் செயல்திட்டம் அரசு கொன்ற பறவைகளுக்கே இழப்பீடு வகுக்கிறது; நோயில் தானாகச் செத்தவற்றுக்கு அதில் இடமில்லை. சீக்கிரம் தகவல் சொல்பவருக்கு அதிகப் பறவைகளுக்கு இழப்பீடு கிடைக்கும், தாமதிப்பவருக்குக் குறையும் என்பது அந்த விதியின் நோக்கம். கோழிப் பண்ணைக்கு இது ஓரளவு பொருந்தலாம். ஆனால் மருத்துவர் ஐயா சொன்னபடி போபால் முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஒரு கூட்டத்தில் பாதி செத்துவிடுகிறது என்றால், அந்தத் தாமதம் விவசாயியுடையதல்ல. தகவல் பதிவான நாளில் உயிரோடு இருந்த பறவைகளை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு இழப்பீடு என்று வைப்பதே நீதி.

மேற்கு வங்காளத்தில் 2008இல் நடந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். பீர்பூம், தெற்கு தினாஜ்பூர் மாவட்டங்களில் தொடங்கிய நோய், மாநிலத்தின் பெரும்பகுதிக்குப் பரவி, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளைக் கொல்லும் நிலைக்குப் போனது. வீட்டுக்கு நான்கு கோழி வளர்த்த ஏழைகள் இழப்பீட்டில் நம்பிக்கையில்லாமல் கோழிகளை ஒளித்து வைத்தது அன்று பெரிய தடையாக இருந்தது.

செங்கோட்டை எழுதியது:

புளியரைக்கு அருகில் வசிக்கிறேன். கறிக்கடை வைத்திருக்கும் உறவினர்கள் இரு மாநிலத்திலும் உண்டு. இரண்டு ஐயங்களை மருத்துவர் ஐயாவிடம் கேட்கிறேன். நோய்ச் செய்தி வந்த நாட்களில் கறியும் முட்டையும் சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள், என்ன சொல்வது? மனிதர்களுக்குத் தடுப்பூசி போடுவதைப் போல வாத்துகளுக்கும் போட்டுவிட்டால் இவ்வளவு கொலையும் இழப்பும் வேண்டியிருக்காதே?

மருத்துவர்_ஓய்வு எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு விடை எளிது. 70 டிகிரி செல்சியஸ் வெப்பம் உள்ளே வரை ஏறும்படி வெந்த கறியிலும் முட்டையிலும் இந்தக் கிருமி பிழைக்காது. ஆபத்து சமைப்பதற்கு முன்னால் இருக்கிறது: நோயுள்ள பறவையை உரிப்பது, இறகு பறிப்பது, எச்சத்தைக் கையாள்வது. கறிக்கடைக்காரர்களான உங்கள் உறவினர்கள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இந்தியாவில் மனிதத் தொற்று மிக அரிது. ஆனால் 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் எச்5என்1 தொற்றால் இறந்தான். ஆகவே அரிது என்பதை அபாயமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தடுப்பூசி பற்றி இன்னும் விரிவாகப் பேச வேண்டும். பிரான்ஸ் 2023 அக்டோபர் முதல் பெரிய வாத்துப் பண்ணைகளில் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. சீனா பல ஆண்டுகளாகப் போட்டு வருகிறது. இந்தியா கடுமையான எச்5 வகைகளுக்குத் தடுப்பூசி போடாமல், கண்டுபிடித்துக் கொல்லும் கொள்கையையே பின்பற்றி வந்திருக்கிறது. தடுப்பூசி போட்ட பறவைக்குள் கிருமி சத்தமின்றிப் பெருகி வெளியேறலாம். நோய் அறிகுறி தெரியாததால் கண்டுபிடிப்பது கடினமாகும். நம்மிடம் இறக்குமதி செய்யும் நாடுகள் வாங்க மறுக்கலாம். வாத்துகள் இயல்பிலேயே சில வகைக் கிருமிகளை அறிகுறியில்லாமல் சுமக்கக்கூடியவை என்பதால் இந்தக் கவலை அவற்றுக்கு இன்னும் அதிகம். பிரான்ஸ் தடுப்பூசியோடு தொடர்ச்சியான பரிசோதனையையும் சேர்த்துத்தான் நடத்துகிறது. ஊர் ஊராக மேயும் குட்டநாட்டுக் கூட்டங்களில் அப்படிப் பரிசோதிக்கும் ஆள்பலம் உண்டாகும் வரை, தடுப்பூசி மட்டும் கொடுப்பது நோயை மறைக்கும் என்று நான் அஞ்சுகிறேன். அந்த ஆள்பலத்தை இன்றே உருவாக்கத் தொடங்கினால் எதிர்காலத்தில் இந்தக் கேள்வியை வேறு விதமாகப் பார்க்கலாம்.

முட்டைப்பண்ணை எழுதியது:

அரசுப் பண்ணைகளுக்கே வந்தது என்பதைப் பம்பைக்கரை சொன்ன பிறகு, மூடிய கொட்டகையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. ஆனால் 2024இல் ஆலப்புழை மாவட்டத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் ஆண்டு இறுதி வரை பறவை வளர்ப்புக்குத் தடை விதித்தார்கள் அல்லவா? அதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். கிருமிக்கு உடல் கிடைக்காமல் சில மாதம் இருந்தால்தான் சங்கிலி அறும். எங்கள் பகுதியில் ஒரு கொட்டகையில் கோழி மாற்றும்போதே கழுவி, சுண்ணாம்பு அடித்து, காலியாக ஓய்வு விடுகிறோம். ஒரு மாவட்டத்துக்கே ஓய்வு தேவைப்பட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பம்பைக்கரை எழுதியது:

அண்ணா, ஓய்வு தேவை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த மாதங்களில் அடுப்பு எரிய என்ன வழி என்பதுதான் அங்குள்ளவர்கள் கேட்ட கேள்வி. கொன்ற வாத்துக்கு ஒரு முறை இழப்பீடு உண்டு. வளர்க்கக் கூடாது என்று நிறுத்திய மாதங்களின் வருமானத்துக்கு? நோயே வராத பண்ணையாளரும் தடைப் பகுதிக்குள் இருந்ததால் குஞ்சு வாங்க முடியவில்லை. அவருக்குக் கொன்ற பறவையும் இல்லை, இழப்பீடும் இல்லை. குஞ்சு பொரிப்பவர்கள் அடைமுட்டையை என்ன செய்வார்கள்? மேய்ச்சல் கூலிக்குப் போனவர்கள்?

இதே கேரளத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை இருக்கிறது. அந்த நாட்களில் படகுத் தொழிலாளர்களுக்கு இலவச ரேஷன் கொடுக்கிறார்கள். பொது நன்மைக்காக ஒருவரைத் தொழில் செய்யாதே என்று நிறுத்தினால், அந்த நாட்களுக்கு அரசு பொறுப்பு என்ற கொள்கை அங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. வாத்து வளர்ப்பவருக்கு அதை நீட்டிக்கப் புதிய தத்துவம் எதுவும் வேண்டாம். ஒரு அரசாணை போதும்.

நீர்வழி எழுதியது:

தடையின் போதும் பரிசோதனை நடந்தால்தான் ஓய்வுக்குப் பொருள் உண்டு. தடை முடிந்ததும் ஒரே நாளில் பல்லாயிரம் குஞ்சுகளை இறக்காமல், கூட்டத்துக்குச் சில பறவைகளை முதலில் விட்டு, அவற்றின் தொண்டைச் சளியையும் எச்சத்தையும் பரிசோதித்துப் பார்த்த பிறகு மற்றவற்றை அனுமதிக்கலாம். அக்டோபருக்கு முன் இதைச் செய்து முடிக்க வேண்டும், ஏனெனில் அப்போது வலசைக் காலம் தொடங்கிவிடும்.

மருத்துவர்_ஓய்வு எழுதியது:

சரியான யோசனை. கிருமிநீக்கம் முடிந்ததற்குத் துறை சான்று கொடுத்து, சுமார் மூன்று மாதம் கழித்தே மறுபடி வளர்க்கலாம் என்ற விதி ஏற்கெனவே உண்டு. அதோடு இந்த முன்னோட்டப் பரிசோதனையைக் கட்டாயமாக்கலாம். நான் இன்னொன்றையும் வற்புறுத்துவேன். ஒவ்வொரு கூட்டமும் எந்த வயலிலிருந்து எந்த வயலுக்குப் போகிறது என்பதை ஊராட்சி கால்நடை மருந்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். நோய் வந்த அன்று அந்தப் பதிவேடு கையில் இருந்தால், எந்தெந்தக் கூட்டங்கள் ஒரே வயலில் மேய்ந்தன என்று தேடுவதில் நாட்கள் வீணாகாது. இழப்பீட்டுக்கான எண்ணிக்கையிலும் தகராறு வராது.

பம்பைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் ஊராட்சியின் அடுத்த கிராம சபையில் வைப்பதற்காக இங்கே பேசியவற்றிலிருந்து ஒரு மனு எழுதுகிறேன். தகவல் பதிவான நாளில் இருந்த எண்ணிக்கைக்கு இழப்பீடு, கொன்ற இரண்டு வாரத்துக்குள் மாநில நிதியிலிருந்து முழுத் தொகையும் வங்கிக் கணக்கில், 2014இல் வைத்த விலையைத் தீவன விலையோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்துவது, வளர்ப்புத் தடை மாதங்களுக்கு ரேஷனும் உதவித்தொகையும், மேய்ச்சல் பதிவேடு, போபால் முடிவுக்கு முன்பே, உள்ளூர் ஆய்வகம் சந்தேகம் தெரிவித்த அன்றே, அந்தக் கூட்டத்தின் விற்பனையை நிறுத்துவது. கடைசிக் கோரிக்கை விவசாயிகளுக்குக் கசப்பானது என்பது தெரியும். முன்னுள்ளவை நிறைவேறினால் அதற்கும் கையெழுத்திடத் தயார் என்று மூன்று பண்ணையாளர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சட்டம்படிப்பவர் மனுவின் வரைவைப் பார்த்து, எந்தப் பிரிவின் கீழ் கேட்பது பொருத்தம் என்று சொன்னால் உதவியாக இருக்கும். மலையாள வடிவத்தை மனைவி எழுதுகிறார்.